வால் வைத்த கட்டடம்

எந்தக் கட்டடமாக இருந்தாலும் முதலில் ஒரு பெட்டி போட வேண்டும். இதுதான் வினோதாவின் முதல் பாடம். பெட்டி கொஞ்சம் கோணலாக இருந்தால் இன்னும் நல்லது. நேராக நிற்கிற கட்டடத்தைப் பார்த்து எந்தக் குழந்தையும் சிரித்ததில்லை. பெட்டிக்கு மேல் ஒரு தொப்பி, அது கூரை. ஜன்னல் இரண்டும் கண். வாசல் வாய். வாயை மேலே வளைத்தால் பள்ளிக்கூடம், கீழே வளைத்தால் கரண்ட் ஆபீஸ். இப்படிச் சொல்லிக்கொண்டே கோடு போடுவாள். கும்மிடிப்பூண்டியில் பாதிப் பிள்ளைகள் அவளுடைய யூடியூப் பாடத்தைப் பார்த்துத்தான் கார்ட்டூன் வரையப் பழகின. பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு குப்பத்தில் பிறந்து, படகுகளில் பேர் எழுதித் தேறிய கை அது. கை ஓடும்போது வாயும் ஓட வேண்டும் அவளுக்கு. வாயை மூடச் சொன்னால் கோடு கோணிவிடும்.

சிப்காட்டில் இருக்கும் மெத்தை கம்பெனியிலிருந்து ஜோஷ்வா அவளைத் தேடி வந்ததும் அந்தப் பாடங்களைப் பார்த்துவிட்டுத்தான். அங்கே அவர் சேஃப்டி ஆபீசர். அத்திப்பட்டிலிருந்து தினமும் மின்சார ரயிலில் வந்து போகிறவர். எதையும் மெதுவாகத்தான் சொல்வார், பக்கத்தில் யாரோ தூங்குகிற மாதிரி.

"எங்க ஆளுங்க முக்கால்வாசி ஒடிசா, பீகார் மேடம். தமிழ்ல எழுதி ஒட்னாலும் சரி, இங்கிலீஷ்ல எழுதி ஒட்னாலும் சரி, செவுரு தான் படிக்குது. தீ பிடிச்சா எந்தப் பக்கம் ஓடணும்னு ஒருத்தனுக்கும் தெரியாது. அவங்க கையாலயே கட்டடத்த வரைய வெச்சா இன்னா? கண்ணு மறந்துடும், கை மறக்காது."

வினோதாவுக்கு இந்த யோசனை பிடித்துப்போனது. கம்பெனி ஆள் அல்லாதவர்களை ஷெட்டுக்குள் விடமாட்டார்கள் என்பதால், கட்டடத்தின் வரைபடத்தில் ஒரு நகலை ஜோஷ்வா கொடுத்தார். நீளமான ஒரு ஷெட். முன்பக்கம் லாரி நுழைகிற அளவுக்குப் பெரிய ஷட்டர். பின்பக்கம் தென்மேற்கு மூலையில் அவசர வழி என்று ஒரு கதவு. நடுவில் வேறு வழியே கிடையாது. அவள் அந்த ஷெட்டை ஒரு நாய்க்குட்டியாக்கினாள். பெட்டி போட்டு, கூரைமேல் சுற்றும் காற்றாடிகளைக் கொண்டையாக்கி, ஜன்னல்களில் கண் வைத்து, ஷட்டரை வாயாக்கினாள். பின்பக்கத்துக் கதவைப் பச்சையாகத் தீட்டி வாலாக்கினாள். ஒவ்வொரு படிக்கும் ஒரு வரி பாடினாள். கடைசி வரி இப்படி:

"வாயில புகை, வால்ல நுழை!"

அதை ஜோஷ்வா இந்தியில் சொல்லிக் கொடுத்தார். "மூ மே ஆக், தும் சே பாக்." வாயில் தீ என்றால் வால் வழியாக ஓடு. தமிழைவிட இந்தியில் எதுகை நன்றாக விழுந்ததில் அவளுக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

பாடம் நன்றாகப் பிடித்துக்கொண்டது. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களை முதல் நாள் காலையில் பயிற்சி அறையில் உட்காரவைத்து, டிவியில் வினோதாவின் வீடியோவைப் போட்டு, ஆளுக்கு ஒரு தாளும் ஸ்கெட்ச் பேனாவும் கொடுத்தார்கள். மீசை வைத்த ஆண்கள் நாக்கைத் துருத்திக்கொண்டு நாய்க்குட்டிக் கட்டடம் வரைந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பாட்டைப் பாடித் தட்டில் தாளம் போட்டார்கள். முதலாளி தணிகாசலத்துக்கும் படம் பிடித்துவிட்டது. பெரிதாக அச்சடித்து கேட்டுக்குப் பக்கத்தில் மாட்டினார்.

இந்தப் பழக்கத்தில்தான் வினோதாவின் புருஷன் குணாளனுக்கு அங்கே வேலை கிடைத்தது. ஏரியில் யார் எந்த நாளில் எங்கே வலை கட்டலாம் என்று ஊர் சீட்டுப் போட்டு முறை பிரித்துத் தரும். பாடு என்று அதற்குப் பேர். பாடு வருகிற நாளில் மீன் வருவதில்லை, மீன் வருகிற நாளில் பாடு வருவதில்லை. அலுத்துப்போய்த்தான் அவன் மெத்தைக்குள் வைக்கிற ஃபோம் நுரையை அறுக்கிற மிஷினுக்கு வந்தான். வினோதாவுக்கு உள்ளூர சந்தோஷம். அப்பனையும் அண்ணனையும் தண்ணீரில் அனுப்பிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள் அவள். புருஷனாவது தரையில் நிற்கட்டும் என்று நினைத்தாள்.

முதல் வெள்ளிக்கிழமை குணாளன் ஒரு தொன்னையில் சுண்டல் கொண்டுவந்தான்.

"கம்பெனி பிள்ளையாரு பூஜ. குருக்கள் வந்து அபிஷேகம் எல்லாம் ஜோரா பண்ணாரு," என்றான்.

"கம்பெனிக்குள்ள பிள்ளையாரா? எங்க கீறாரு?"

"பின்னாடி, கன்னி மூலையில. நீ வாலு போட்டுக்கீற பாரு, கரெக்டா அங்க தான்."

வினோதாவின் வாயில் சுண்டல் அப்படியே நின்றது. "அப்போ கதவு?"

"இன்னா கதவு?"

"பச்சக் கதவு, மாமா. வாலு."

குணாளன் சிரித்தான். "அங்க ஏது கதவு? செவுரு தான் கீது. செவுத்த ஒட்டி மேடை, மேடை மேல பிள்ளையாரு. சுத்தி மஞ்சக் கோடு போட்டுக்கீறாங்க. அதுக்கு இந்தாண்டயே ஷூவ கழட்டிடணும்."

"நீயும் தான மொத நாளு குந்திகினு வரைஞ்ச? இல்லாத கதவு எப்டி வந்துதுன்னு கேக்கத் தோணலையா?"

"கார்ட்டூன் தான வினோ? கட்டடத்துக்குக் கண்ணு கூடத்தான் இல்ல. வாலும் சும்மா ஷோக்குக்குன்னு நெனச்சேன்."

அவன் சொன்னதில் தப்பில்லை. கண் இல்லாத கட்டடத்துக்குக் கண் வைத்தவள், வாலை மட்டும் நிஜம் என்று எப்படிச் சாதிப்பாள்? ஆனாலும் அவளால் அதை விட முடியவில்லை. அந்த மெத்தைக்குள் இருப்பது இலவம்பஞ்சு இல்லை, நுரை. ஒரு துண்டைக் கொளுத்தினால் சொட்டுச் சொட்டாக உருகி, கறுப்புப் புகையாகக் கக்கும். அந்தப் புகையைக் கொஞ்சம் விழுங்கினாலே ஆள் காலி. குணாளன் வேலை செய்வது ஷெட்டின் பின்பாதியில்.

"ஷட்டராண்ட தீ பிடிச்சிதுன்னு வெச்சிக்க. நீ எப்டி வெளிய வருவ?" என்று கேட்டாள்.

"ஓடியாருவேன்."

"எங்க ஓடியாருவ?"

குணாளன் தொன்னைக்குள் விரலை விட்டுத் துழாவினான். ஒரு கடலைகூட மிச்சமில்லை. அதற்கப்புறமும் துழாவிக்கொண்டே இருந்தான்.

மறுநாள் கம்பெனிக்கு எதிரே உள்ள டீக்கடையில் ஜோஷ்வாவைப் பிடித்தாள். அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. எல்லாம் தெரிந்துதான் வரைபடத்தைக் கொடுத்திருக்கிறார். அதைக் கேட்டதும் அவளுக்கு வந்த ஆத்திரத்தில் டீ கிளாஸை அவர்மேல் ஊற்றாமல் விட்டது பெரிய காரியம்.

"ஏன் சார் அப்டி பண்ணீங்க?"

"அப்ரூவ் ஆன பிளான் அது ஒண்ணு தான் மேடம். அதுல கதவு இருக்கு. கட்டும்போது கதவு இருந்துச்சு. அப்பால ஒருத்தருக்கு மிஷின்ல கை போச்சு. அதே வருஷம் லாரி கவுந்து டிரைவர் செத்துட்டாரு. முதலாளி ஒடஞ்சு போயிட்டாரு. வாஸ்து பாக்குறவர் வந்து, கன்னி மூலையில வாசல் வெச்சா உயிர்ச்சேதம் நிக்காதுன்னு சொல்லிட்டாரு. செங்கல் வெச்சு மூடி, பிள்ளையார உக்கார வெச்சாங்க. நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சு."

"எடுக்கச் சொல்லி நீங்க கேக்க வேண்டியது தான? அது தான சார் உங்க வேல?"

ஜோஷ்வா சுற்றும் முற்றும் பார்த்தார். "என் பேரு ஜோஷ்வா மேடம். நான் போயி பிள்ளையார எடுங்கன்னு சொன்னா, அது கதவப் பத்தின பேச்சாவா இருக்கும்? பேஜாரா பூடும்." டீயை வைத்துவிட்டு மேலே சொன்னார். "வரைஞ்சு வரைஞ்சு, பாடிப் பாடி, என்னைக்காவது ஒருத்தன் 'சார், அந்தப் பச்சக் கதவு எங்க'ன்னு கேப்பான்னு நெனச்சேன். அவங்க கேட்டா, அத வெச்சு நான் கேக்கலாம். ஒருத்தனும் கேக்கல."

"ஆயிரம் மைலு தாண்டி பொழைக்க வந்தவன் கதவ எங்கன்னு கேப்பானா சார்? சோறு எங்கன்னு தான் கேப்பான்."

அவள் நேராக முதலாளியிடமே போனாள். தணிகாசலம் கெட்டவர் இல்லை, அதுதான் தொல்லை. கெட்டவனாக இருந்தால் சண்டை போட்டுவிட்டு வரலாம். அவர் அவளை உட்காரவைத்து மோர் வரவழைத்தார். அவள் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"உங்க ஊட்டுக்காரரும் உள்ள தாம்மா கீறாரு. எனக்கு அந்த அக்கற இல்லையா? அந்தக் கை போன பையன ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு ஓட்னவன் நானு. கை தனியா ஒரு பையில வந்துச்சு, என் மடியில தான் வெச்சினு போனேன். கதவ மூடினதுக்கு அப்பால ஒருத்தனுக்கும் ஒரு கீறல் இல்ல. உங்க பேச்சக் கேட்டு நான் தெறந்து, நாளைக்கே ஒண்ணு ஆச்சுன்னா? எந்த மூஞ்சிய வெச்சினு நான் பிள்ளையாராண்ட போயி நிப்பேன்?"

வினோதா மோர் டம்ளரை மேசைமேல் வைத்தாள். மனுஷன் பயத்தில்தான் கதவை மூடியிருக்கிறார். அவளும் பயத்தில்தான் திறக்கச் சொல்கிறாள். யாருடைய பயம் பெரியது என்று நிறுத்துப் பார்க்கத் தராசு ஏது? வாலை அழித்துவிட்டு வேறு படம் வரைந்து தருவதாகச் சொன்னாள். பாதுகாப்பு ஆடிட் முடிகிற வரைக்கும் இதுவே இருக்கட்டும், எல்லோருக்கும் பிடித்திருக்கிறது என்றார் தணிகாசலம்.

கேட் வரை வந்து வழியனுப்பிய ஜோஷ்வா மெதுவாகச் சொன்னார். "மார்ச்சுல பாதுகாப்பு வாரம் வருது மேடம். எல்லா கம்பெனியிலயும் தீ பிடிச்ச மாதிரி ஒத்திக பாக்கணும். நீங்க சொல்லி ஆவல, நான் சொல்லவும் முடியாது. ஒத்திக சொல்லட்டும்."

பாதுகாப்பு வாரத்தில் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி வைத்து, பரிசு கொடுக்க வினோதாவையே கூப்பிட்டிருந்தார்கள். பிள்ளைகள் எல்லோரும் அப்பா வேலை செய்யும் கட்டடத்தைத்தான் வரைந்திருந்தார்கள். எல்லாத் தாளிலும் வால் இருந்தது. முதல் பரிசு வாங்கிய படத்தில் வால் கட்டடத்தைவிட நீளம். ஒத்திகை நேரம் வந்ததும் விருந்தாளிகளை ஷெட்டுக்குப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே வேப்பமரத்தடியில் ஒரு பச்சைப் பலகை நட்டிருந்தது. பிளான்படி, வால் வழியாக வெளியே வருகிறவர்கள் கூடி நிற்க வேண்டிய இடம் அது. முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். வினோதா அவருக்குப் பின்னால் நின்றாள். எதிரே வெள்ளையடித்த சுவர், கதவு இருந்த அடையாளமே இல்லாமல்.

முன்பக்கம் ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, அதன் அடியில் ஜோஷ்வா புகைக் குப்பியைக் கொளுத்தினார். சங்கு ஊதியது.

முதலில் சிரிப்புச் சத்தம்தான் கேட்டது. ஒத்திகை என்று உள்ளே எல்லோருக்கும் தெரியும். "மூ மே ஆக், தும் சே பாக்" என்று யாரோ ஆரம்பிக்க, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பாட்டும் பூட்ஸ் சத்தமும் சுவரை நோக்கி வந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றன. பாட்டு தேய்ந்து நின்றுபோனது. என்னவோ உருண்டு விழுந்தது. அப்புறம் சுவரைத் தட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு கை தட்டியது, பிறகு பல கைகள். கதவின் தாழ்ப்பாளைத் தேடுகிற மாதிரி மேலும் கீழுமாகத் தட்டின. யாரோ இருமினார்கள். ஒருத்தன் மட்டும் இன்னும் "தும், தும்" என்று வாலைக் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தான். அதில் விளையாட்டு இல்லை.

முதலாளி எழுந்து நின்றுவிட்டார். "ஜோஷ்வா! போதும் நைனா! ஷட்டர தூக்கு!" என்று கத்திக்கொண்டே முன்பக்கம் ஓடினார். வேட்டி தடுக்கியது. வினோதா அவரைத் தாண்டி ஓடினாள்.

ஷட்டர் ஏறியதும் புகைக்குள்ளிருந்து ஆட்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார்கள். சிலர் காலில் ஒரு பூட்ஸ் மட்டும் இருந்தது. ஒடிசாப் பையன் ஒருவனுக்கு நெற்றி கிழிந்திருந்தது. கடைசியாக வந்த குணாளனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு வினோதா அங்கேயே அழுதாள். யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இல்லை.

"முன்னாடி ஓட்னவங்க மஞ்சக் கோட்டாண்ட நின்னு ஷூவ கழட்னாங்க," என்றான் அவன், மூச்சு வாங்கிக்கொண்டே. "பழக்க தோஷம். பின்னாடி வந்தவங்க மோதி, அந்தப் பையன் மேடை மேல வுழுந்துட்டான்."

"அங்க கதவு இல்லன்னு உனக்குத் தெரியுமே. நீ ஏன் அங்க ஓட்ன?"

குணாளன் தன் கால்களையே பார்த்தான். "தெரியும். ஆனா காலு அங்க தான் போச்சு வினோ."

முதலாளி அன்றைக்குச் சாப்பிடவில்லை. மாலையில் குருக்களை வரவழைத்தார். பிள்ளையாரை இடம் மாற்றினால் குற்றமாகுமா என்று கேட்டார். குருக்களுக்கு இது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. கோயிலில் திருப்பணி நடக்கும்போது செய்கிறதுதான். அத்திப் பலகையில் சாமியின் உருவத்தை எழுதி, கலசத்தில் சக்தியை இறக்கி, பலகைக்கு ஏற்றிவிட வேண்டும். அதுவரைக்கும் பலகைதான் சாமி. கல் வெறும் கல். பிறகு சுவரை இடிக்கலாம், கதவு வைக்கலாம். பாலாலயம் என்று பேர் சொன்னார்.

"படம் யாரு எழுதுறது?" என்று முதலாளி கேட்டார். எல்லோரும் வினோதாவைப் பார்த்தார்கள்.

சாமி படம் எழுதி முடிகிற வரைக்கும் அவள் வீட்டில் அடுப்பில் மீன் ஏறவில்லை. குணாளன் இரண்டு வேளை முணுமுணுத்துவிட்டு ரசத்தோடு சமாதானமானான். வினோதா தலைக்குக் குளித்துவிட்டுப் பலகைக்கு முன் உட்கார்ந்தாள். வாய் ஓடாமல் அவள் வரைந்த முதல் படம் அது. கோணல் பெட்டியும் தொப்பியும் இதில் உதவாது. வயிற்றுக்கு ஒரு வட்டம், தலைக்கு ஒரு வட்டம், துதிக்கை, நான்கு கை, ஒற்றைத் தந்தம். கடைசியில் கண். கண்ணை எழுதும்போது வேண்டிக்கொண்டாள். சாமி, நீ கொஞ்சம் நகரு. அவங்க வெளியே வரட்டும்.

ஹோமம் நடந்தது. பலகையைப் பட்டுத்துணியில் ஏந்திக்கொண்டு மேளத்தோடு போய், கேட்டுக்குப் பக்கத்தில் தனியாக இருக்கும் ஆபீஸ் கட்டடத்தின் வரவேற்பறையில் வைத்தார்கள். கற்சிலையைத் துணி சுற்றி நெல்லில் கிடத்தினார்கள். முதலாளி ஜோஷ்வாவுக்கும் பிரசாதம் கொடுத்தார். ஜோஷ்வா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வினோதா வெகுநாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டாள். வீட்டுக்குப் போனதும் வால் நிஜமான வாலாகப் போகிறது என்று குணாளனிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

கொத்தனார் கடப்பாரையோடு வந்தார். வந்த அன்றே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாஸ்துக்காரர் போனில் ஒரே பிடியாக நின்றாராம். பங்குனி பிறந்துவிட்டது, பங்குனியில் கட்டடத்தில் கை வைத்தால் குடும்பத்துக்கு ஆகாது, சித்திரையில் வாஸ்து நாள் பார்த்து இடிக்கலாம். முதலாளி அதையும் நியாயமாகத்தான் யோசித்தார். இத்தனை வருஷம் பொறுத்தாகிவிட்டது, இன்னும் ஒரே மாதம். அதற்குள் என்ன ஆகிவிடும்?

பங்குனி பாதியில், வால் இல்லாத புதுப் படம் ஒன்றை வரைந்து எடுத்துக்கொண்டு வினோதா கம்பெனிக்குப் போனாள். சுவர் இடிக்கிற வரைக்குமாவது இதை மாட்டட்டும் என்பது அவள் எண்ணம். ஜோஷ்வா இல்லை. ஏதோ பயிற்சிக்கு வெளியூர் அனுப்பியிருந்தார்கள். வரவேற்பறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளையார் பலகைக்குப் புது மாலை போட்டிருந்தார்கள். இருபக்கமும் தீயணைப்பான் உருளைகள் புதிதாகப் பளபளத்தன. டீ இடைவேளையில் குணாளன் கிளாஸும் கையுமாக அவளைப் பார்க்க வாசலுக்கு வந்தான். தலைமுடியில் நுரைத்தூள்.

"கன்னி மூலை எப்டி கீது?" என்று கேட்டாள்.

"அத்த ஏன் கேக்குற. ஹாஸ்டல் ஆர்டரு வந்துக்கீது, கோடவுனு ரொம்பிப் போச்சு. இப்போ பசை டிரம்ம எல்லாம் அங்க தான் அடுக்கிகினு கீறாங்க. செவுரு ஃபுல்லா டிரம்மு, என் தல ஒசரத்துக்கு மேல. மஞ்சக் கோட்டக் கூட அழிச்சிட்டாங்க."

"பசைன்னா? தீ பத்திக்குமே அது?"

"மூடியத் தொறந்தாலே கண்ணு எரியும். பிள்ளையாரு இருந்தப்போ ஒரு அட்டப்பொட்டியக் கூட எவனும் அங்க வெக்க மாட்டான். இப்போ காலி எடம் தான?" அவன் கண்ணாடிக் கதவு வழியாகப் பலகையைப் பார்த்துச் சிரித்தான். "எங்க எல்லாருக்கும் முன்னாடி அவரு வெளிய வந்துட்டாரு பாத்தியா? கெட்டிக்காரரு."

வினோதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மூலையை அத்தனை நாளும் காலியாக வைத்திருந்தது பிள்ளையார். அவரை அங்கிருந்து கிளப்பியது அவள் கை. கதவும் வரவில்லை, சாமியும் இல்லை. அவள் குணாளனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள போவாத மாமா. வா, ஊட்டுக்குப் போலாம்."

"இன்னா வினோ நீ? சித்திரைக்கு இன்னும் எத்தினி நாளு கீது, சொல்லு? இன்னும் ஒரு லோடு நுரை அறுக்க பாக்கி கீது." சங்கு ஊதியது. அவன் கிளாஸை வைத்துவிட்டு ஷெட்டுக்குள் போனான்.

அவள் முதலாளியைத் தேடிப் போனாள். முதலாளி திருத்தணிக்குப் போயிருக்கிறார் என்றார்கள். திரும்பும்போது பயிற்சி அறையிலிருந்து அவளுடைய குரலே கேட்டது. கதவைத் தள்ளினாள். உள்ளே புதிதாக வந்த ஆட்கள், ரயிலில் வந்த அழுக்குகூடப் போகாதவர்கள், வரிசையாக உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார்கள். டிவியில் வினோதா சிரித்த முகத்தோடு பச்சைக் கதவுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். நேரில் அதே மேடம் வந்து நின்றதும் அவர்களுக்கு ஒரே சந்தோஷம். ஒருவன் எழுந்து கும்பிட்டான்.

அவள் டிவியை அணைத்தாள். வெள்ளைப் பலகையில் பெட்டி போட்டாள். கூரை, கண், வாய், பச்சைக் கதவு என்று கை தானாக ஓடியது. கறுப்பு மார்க்கரை எடுத்து அந்தக் கதவின்மேல் அடித்தாள். "இல்ல! கதவு இல்ல! அங்க போவாதீங்க!" கோட்டின்மேல் கோடாக, மார்க்கர் முனை நசுங்கும்வரை அடித்தாள்.

திரும்பிப் பார்த்தபோது எல்லோரும் குனிந்து வரைந்துகொண்டிருந்தார்கள். பாடத்தில் அடுத்த படி இதுதான் என்று நினைத்துக்கொண்டார்கள். பச்சைக் கதவின்மேல் பொறுமையாகக் கறுப்புச் சுருள்களைப் போட்டார்கள். சிலர் அதைக் கூரை வரைக்கும் இழுத்திருந்தார்கள். வாலிலிருந்து புகை கிளம்புகிற மாதிரியே இருந்தது. முன்வரிசையில் இருந்தவன் சரியா என்று கேட்டுத் தாளைத் தூக்கிக் காட்டினான்.

"டீக் ஹை, மேடம்?"

"நஹி, நஹி," என்றாள். போதாது போலிருக்கிறது என்று அவன் இன்னும் கொஞ்சம் கறுப்பு சேர்த்தான்.

அவனுக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். எல்லோரும் பேனாவை வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தார்கள். அதற்கு மேல் இந்தியில் அவளுக்குத் தெரிந்தது அந்தப் பாட்டின் ஒரு வரிதான்.